மலகா போகிறவர்களுக்கு

மனைவியையும் மகளையும் ஸ்பெயினில் இருக்கிற மலகாவுக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் சுவிஸில், துன் நகரத்தில் நின்றுவிடப் போகிற மனிதனை என்னவென்று சொல்வது?

"கஞ்சன் எண்டு சொல்லலாம்," என்றாள் லக்சாயினி. அந்த மனைவி சுமித்ராவின் தங்கை. அவளுடைய குடும்பமும் சேர்ந்துதான் மலகாவுக்குப் புறப்படுகிறது.

"கஞ்சனெண்டா எங்களுக்கு ரிக்கெற் போட்டிருப்பாரோ?"

"அப்ப லீவு குடுக்கேல்லையாக்கும்."

"அதுதான் இல்லை. செஃப் தானாவே ஒரு கிழமை ஃபெரியன் லீவு தாறன் எண்டவராம். இவர்தான் வேண்டாமெண்டிட்டாராம். ஹோட்டல் குசினியில இவரோட நிக்கிற யோகராஜா அண்ணை சொன்னார்."

அக்காவும் தங்கையும் சூட்கேசை மூட மறந்து யோசித்தார்கள். யோசிக்க விசயம் இருந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து சுவிஸ் எல்லையைத் தாண்டாத குகநாதன், மூன்று நாளாக வீட்டில் மலகாவைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

"ரெண்டு மணிக்கு முன்னம் மத்தியானச் சாப்பாடு தேடிப் போகாதேங்கோ. வெறும் கதிரைதான் இருக்கும். இரவுச் சாப்பாடு ஒம்பதுக்குப் பிறகு."

"ஒம்பதுக்கோ? பிள்ளை நித்திரையாப் போயிடுவாள்."

"அங்கத்தைய பிள்ளையள் அப்பதான் தெருவில விளையாடுவினம். பிறகு, ஆரும் அறிமுகப்படுத்தினா ரெண்டு கன்னத்திலயும் கொஞ்சுவினம். இஞ்ச மாதிரி மூண்டு இல்லை. மூண்டாவதுக்குப் போனியள் எண்டா மூக்கும் மூக்கும் முட்டும்."

மகள் மதுஜா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கோப்பிக்குப் பால் கனக்க வேணுமெண்டா 'நூபே' எண்டு கேளுங்கோ. மேகம் எண்டு அர்த்தம். கடற்கரையில பழைய வள்ளத்துக்குள்ள மண்ணை நிரப்பி, நெருப்பு மூட்டி, சாளை மீனைத் தடியில குத்திச் சுடுவினம். அதைக் கையாலதான் சாப்பிடோணும். முள்ளுக்கரண்டி கேட்டு மானத்தை வாங்காதேங்கோ."

"கையாலயோ!" மதுஜாவுக்கு அந்த ஊர் அப்போதே பிடித்துவிட்டது.

"இதெல்லாம் எங்க படிச்சனீங்கள்?" என்று சுமித்ரா கேட்டாள்.

"யூடியூப்பில," என்றான். சொன்னவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் வேலைக்குப் போனதும் லக்சாயினி அக்காவை நெருங்கி உட்கார்ந்தாள். "யூடியூப்பில மேகக் கோப்பியோ? அத்தானுக்கு அங்க ஆரோ இருக்கினம். நான் சொல்லுறன் பாருங்கோ."

"விசர்க் கதை கதையாதை. எனக்கே ஒரு ரோசாப்பூ வாங்கித் தராத மனுசன். ஹோட்டல் மேசையில மிஞ்சுற ரோசாவை எல்லாரும் வீட்ட கொண்டு போவினமாம். இவர் தொடமாட்டாராம். போன வருசம் கலியாண நாளுக்கு பேர்ணில சாப்பிடப் போனனாங்கள். ஒருத்தன் ரோசாப்பூ விக்க மேசைக்கு வந்தான். இவர் மெனுவுக்குள்ள தலையைப் புதைச்சவர்தான், நிமிரவேயில்லை. எனக்கு வந்த கோவத்தில நானே அவனைப் போ எண்டு கை காட்டிக் கலைச்சு விட்டன். அவன்ர முகத்தைக்கூடப் பாக்கேல்லை."

அப்படிச் சொன்னாளே தவிர, அன்றிரவு அவளே யூடியூப்பைத் திறந்து மேகக் கோப்பியைத் தேடினாள்.

மறுநாள் துன் ஸ்டேசன். விமான நிலையம் போகிற ரயிலில் தங்கை குடும்பம் முதலில் ஏறி இடம் பிடிக்கப் போனது. மதுஜா பின்னால் ஓடினாள். குகநாதன் பெட்டிகளைத் தூக்கி வாசலில் வைத்தான்.

இனியும் பொறுக்க அவளால் முடியவில்லை. "உண்மையைச் சொல்லுங்கோ. மலகாவில ஆர் இருக்கினம்?"

அவன் சிரித்தான். "ஆருமில்லை. நான்தான் இருந்தனான்."

"நீங்களோ? சுவிசுக்கு இத்தாலியால வந்ததெண்டுதானே சொன்னீங்கள்?"

"ஊரில சண்டை முடிஞ்ச அடுத்த வருசம், சுவிசுக்குக் கூட்டிப்போறன் எண்ட ஏஜென்சிக்காரன் அங்க கொண்டுபோய் விட்டிட்டு ஓடிட்டான். ஒரு மாரி முழுக்க, துறைமுகத்துப் பக்கம் சாப்பாட்டுக் கடை கடையா ஏறி இறங்கி ரோசாப்பூ வித்தனான்."

"ரோசாப்பூவோ?" என்றாள் சுமித்ரா.

"நல்ல சனம்தான். ஒரு மனிசி பூ வேண்டாமெண்டிட்டு, குளிருக்க நிண்ட என்னைக் கூப்பிட்டு இருத்தி அந்த மேகக் கோப்பியை வாங்கித் தந்தவ. ஆனா திரும்பிப் போய் அந்த மேசையளில இருந்து சாப்பிட எனக்கு மனம் வரேல்லை, சுமி. நீங்கள் சந்தோசமாப் போட்டு வாங்கோ."

ரயில் புறப்படும் மணி அடித்தது. அவளை ஏற்றிவிட்டு, அவன் கீழே நின்றபடி அவசரமாகச் சொன்னான்.

"கடைசியா ஒண்டு. இரவு சாப்பிடேக்க ரோசாப்பூ கொண்டு ஆராவது வருவாங்கள். வாங்கோணும் எண்டில்லை. முகத்தைப் பாத்து 'நோ, கிராசியாஸ்' எண்டு சொன்னாப் போதும். பேசாமக் கையை மட்டும் காட்டாதேங்கோ. எனக்கு இப்பவும் ஒரு ரோசாவைக் கையில எடுத்தா, ஆரோ அப்பிடிக் கை காட்டிக் கலைக்கிற மாதிரிக் கிடக்கும்."

பேர்ணைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

கதவு மூடியது. குகநாதன் மேடையில் நின்று, சிரித்தபடி கையை அசைத்தான்.

மதுஜா யன்னலோடு ஒட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் ஆட்டினாள். "அம்மா, நீங்களும் அப்பாவுக்குக் கை காட்டுங்கோ!"

சுமித்ராவுக்குக் கை எழும்பவில்லை.