மூன்றே காரணங்கள்

மனிதன் ஊர்விட்டு ஊர் போக மூன்றே காரணங்கள்தான்: வேலை, படிப்பு, கல்யாணம். இது அரசு ஆராய்ந்து கண்ட முடிவு. ஊர்விட்டுப் போக அனுமதி கேட்கும் படிவத்தில் நாலாவது கட்டம் கிடையாது.

"கடல் வீட்டுக்குள்ள வந்துட்டு சார்," என்றாள் கைக்குழந்தையோடு வந்த செல்வராணி.

உள்நாட்டு அனுமதி அதிகாரி தணிகாசலம் நனையாமலிருக்கக் காலை நாற்காலிமேல் மடக்கி வைத்திருந்தார். "கெஜட்டுல இன்னும் வரலையேம்மா. கல்யாணம்னு போட்டுரவா?"

"புருஷன் வாசல்ல நிக்காரே."

"அப்ப பொய் எழுத முடியாது," என்று திருப்பி அனுப்பினார்.

மூன்றாம் நாள் கடைசிப் படகு வந்தது. அனுமதி இல்லாதவர்களை ஏற்றமாட்டார்கள். செல்வராணியின் தெருவில் ஒரு கூரைகூடத் தெரியவில்லை. அலுவலகமே மூழ்கிவிட்டதால் 'வேலை' என்று எழுத வழியில்லை. வீட்டு மொட்டை மாடியில் நின்று தணிகாசலம் தன் படிவத்தில் 'கல்யாணம்' என்று எழுதி முத்திரை குத்தினார். மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவருடைய மனைவி. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம்.