தொட்டிக்கு வைத்தியம்

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. காமயகவுண்டன்பட்டிக்கு வெளியே, நர்சிங் மாணவிகள் விடுதியின் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டியில் கழிவைத் தின்று சுத்தமாக்கும் பாக்டீரியாக்கள் மூன்றாவது முறையாகச் செத்துப்போயின.

"மறைக்காமச் சொல்லுங்கண்ணே. தொட்டிக்குள்ள என்னத்த ஊத்துனீக?" என்று கேட்டார் வேல்விழி. தேனியிலிருந்து வந்திருந்த பராமரிப்புப் பொறியாளர்.

"சாணித்தண்ணியும் வெல்லமுந்தான் மேடம், நீங்க சொன்னபடி" என்றார் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் சுருளிராஜன்.

முதல் முறை செத்ததற்குக் காரணம் தெரியும். கரண்ட் இல்லாமல் காற்று ஊதும் மோட்டார் நின்றுபோயிருந்தது. மறுபடி பாக்டீரியா வளரச் சாணிக் கரைசல் வேண்டும். பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் மொக்கைச்சாமி கேட்டபோதெல்லாம் ஒரு டிரம் நிறையக் கரைத்துக் கொண்டுவந்தார். நாற்றம் முதலில் போவது அவர் தோட்டத்துக்குத்தான். ஆனால் மோட்டார் ஒழுங்காக ஓடியும் அடுத்தடுத்து இரண்டு முறை தொட்டி கறுத்துவிட்டது.

வேல்விழி ஆய்வக முடிவைச் சொன்னார். தண்ணீரில் வெள்ளி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய துகள். கிருமிகளைக் கொல்வதற்கென்றே செய்வது. கெட்ட கிருமி, நல்ல கிருமி என்று பார்க்காது.

"வெள்ளியா? எங்க வீட்டுல வெள்ளின்னா கிழமை மட்டுந்தான் மேடம்."

வேல்விழி சிரிக்கவில்லை. விடுதியில் குளியலறை முதல் சமையலறை வரை பார்த்தாயிற்று. அப்படி ஒரு மருந்து எங்கும் இல்லை. தொட்டிச் சாவி சுருளிராஜனிடம் மட்டும்தான் இருந்தது. நாற்றத்தை அமுக்க அவரே எதையோ வாங்கி ஊற்றியிருக்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது.

"எம் பிள்ளைக மேல சத்தியமா நான் ஊத்தல. இந்த வேலையும் போச்சுன்னா மறுபடி கேரளா மலைக்கு, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஏறணும் மேடம். அந்தக் குளிரு எனக்கு ஒத்துக்காது."

அன்று மாலையே சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

புதன்கிழமை மொக்கைச்சாமி சாணி டிரம்மோடு வந்தார். சுருளிராஜன் இடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஏசுதாசன் கதவைத் திறந்தார்.

"சுருளி எங்கனப்பா?"

"நிப்பாட்டிட்டாக. காலையில கேரளாவுக்கு ஜீப் ஏறிட்டாராம்."

மொக்கைச்சாமி டிரம்மைத் தட்டிக் காட்டினார்.

"பாவம்யா. தொட்டிக்குள்ள பூச்சியெல்லாம் சீக்கு வந்த மாதிரி சாகுதுன்னு அம்புட்டு வருத்தப்பட்டான். சொன்னா வேணாம்பான்னு அவன்ட்ட மூச்சுவிடல. எங் கொடிக்குச் சாம்பல் நோவு வந்தப்ப ஒரு வெள்ளி மருந்து அடிச்சேன், பட்டுன்னு நின்னுருச்சு. போன ரெண்டு டிரம்முலயும் அதத்தான் கலந்து விட்டேன். பத்தல போல. இன்னிக்குக் கூடவே ஊத்தியிருக்கேன்."

ஏசுதாசன் ஒரு கை பிடித்தார். இருவருமாக டிரம்மைத் தொட்டிக்குள் கவிழ்த்தார்கள்.