மற்றவர்களுக்குக் காட்டாதே

திரையில் உருண்ட பகடையில் இருபது விழுந்திருந்தது. ஏழு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

இருபது என்றால் டிராகனின் அடி நேராக இறங்கும். அக்காவின் பூட்டுக்காரி செத்துப்போவாள். ஏழு என்றால் வால் மட்டும் உரசிக்கொண்டு போகும், பூட்டுக்காரி தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

இரண்டு வருடமாக அவளை எழுப்பிக்கொண்டிருப்பதே நான்தான்.

விளையாட்டு இதுதான். நான் கதை சொல்ல வேண்டும். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு பாத்திரமாகி என் குகைக்குள்ளும் கோட்டைக்குள்ளும் புகுந்து வருவார்கள். யாருக்கு அடிபட்டது, யார் பிழைத்தார் என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். பகடையும் கம்ப்யூட்டரில்தான் உருளும். இலவசத் தளம்.

என் மேசையில் எல்லாமே இலவசம். வரைபடம், பூதங்களின் பட்டியல், பின்னணிக்கு மழைச் சத்தம், சத்திரக்காரனுக்குப் பெயர் வைத்துத் தரும் பக்கம்கூட. நானூறு கோட்டைகளின் வரைபடத்தை இறக்கி வைத்திருக்கிறேன். இதுவரை மூன்று கோட்டைக்குள்தான் போயிருக்கிறோம். அதில் ஒன்றில் வெளியே வர வழி தெரியாமல் நானே முழித்தேன்.

அத்தான் இறந்து மூன்று மாதம் அக்கா அறைக்குள்ளேயே கிடந்தாள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. சொல்லப் போனால் நான் அழுதுவிடுவேன், அப்புறம் அவள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும். அதனால் இலவசமாகக் கிடைத்த விதிப்புத்தகத்தை அச்செடுத்துக் கதவுக்கடியில் தள்ளினேன். நான்காம் நாள் கதவைத் திறந்து, எந்தப் பூட்டையும் திறக்கும் பூட்டுக்காரியாக வருகிறேன் என்றாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன். அக்காவுக்கு வேண்டியவர்கள் யாரும் இனிமேல் சாகக் கூடாது, கதையில்கூட.

வெளியே அதைக் காட்டிக்கொள்வேனா? வெளியே நான் பெரிய கறார் பேர்வழி. பகடை சொன்னதுதான் சட்டம் என்று வாராவாரம் மேசையைத் தட்டுவேன். மேல்வீட்டுக் கணக்கு டீச்சரின் மந்திரவாதியை ஆறு தடவை, மருந்துக்கடைக்காரரின் வில்லாளியை நான்கு தடவை, பூட்டுக்காரியை எண்ணிக்கை மறந்துபோகும் அளவுக்குக் காப்பாற்றியிருக்கிறேன். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு ஒரு பொய் எண்ணைச் சொல்வேன். மூவரும் அப்பாடா என்று மூச்சு விடுவார்கள். என்ன நடிப்புடா சாமி என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொள்வேன்.

ஒரே ஒரு குறை. நான் பகடையை உருட்டியதும் மூன்று பேரும் போனைப் பார்ப்பார்கள். மரியாதை தெரியாத கூட்டம் என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

"ஏ..." என்று ஆரம்பித்தேன்.

"மாத்தாதடா," என்றாள் அக்கா. "என்ன விழுந்துச்சோ அதையே சொல்லு. எங்க போன்லயும் தெரியுது."

போனை என் பக்கம் திருப்பினாள். நான் உருட்டியதெல்லாம் அதில் வரிசையாக நின்றது. இன்றைய இருபது. போன வாரம் நான் மூன்று என்று சொன்ன பத்தொன்பது. இரண்டு வருடப் பொய்யும் தேதி வாரியாக.

தளத்தில் 'மற்றவர்களுக்குக் காட்டாதே' என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அதில் டிக் அடிக்க வேண்டுமாம். இரண்டு வருடமாக அது என் கண்ணிலேயே படவில்லை. நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவன். கடைசி வரிசை தெரிகிறதா என்று காலையிலிருந்து அடுத்தவர்களைக் கேட்பதுதான் என் பிழைப்பு.

கணக்கு டீச்சர் பிஸ்கட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் சட்டையில் இல்லாத தூசியைத் தட்டினார். இத்தனை நாள் நடித்தது யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மானம் கப்பலேறிவிட்டது.

சமாளிக்கப் பார்த்தேன். டிராகனின் முதல் அடி கணக்கில் சேராது என்று ஒரு விதியை அங்கேயே பெற்றெடுத்தேன்.

அக்கா சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான். ரிப்போர்ட்டைப் பாத்துட்டு வந்து தினம் நல்ல நம்பரா சொன்ன. நானும் நம்பி, அவர் வர்றதுக்குள்ள வீட்டை ஒழுங்கு பண்ணுவோம்னு திரைச்சீலை துவைச்சுட்டு இருந்தேன். அவர்கிட்ட பேச வேண்டியது ஒண்ணுகூட பேசல."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டு வாங்கிப் பழகியவன் நான்.

அந்த எண்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. எது வந்தது, எதைச் சொன்னேன், இரண்டும் நினைவிருக்கின்றன. அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியாது.

"இருபது," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை போல. மறுபடி சொன்னேன்.

சாவதற்கு முன்னால் பூட்டுக்காரி பேசலாமா என்று அக்கா கேட்டாள். விதிப்புத்தகத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்றேன்.

பூட்டுக்காரி குகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வில்லாளியிடம், பனிக்காலத்தில் சாக்ஸ் போடாமல் திரியாதே என்றாள். மந்திரவாதியிடம் சாவிக்கொத்தைக் கொடுத்து எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று நிதானமாகச் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

அப்புறம் அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். "ஏங்க," என்று ஆரம்பித்தாள்.

எங்கள் கதையில் அவள் அப்படிக் கூப்பிடுகிற ஆள் யாரும் இல்லை. டிராகனை ஓரமாக நிற்க வைத்துவிட்டு நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.