பெரிய வண்டிக்கான ஜெபம்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், நூம்பல் சபையின் வாசலில் ஆன்டோவின் புது வண்டியைச் சுற்றி எல்லோரும் கூடிவிட்டார்கள்.

ஹேண்டிலில் ஷோரூம்காரர்கள் கட்டிய சிவப்பு ரிப்பன் அப்படியே இருந்தது. சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறையைக்கூட அவன் இன்னும் கிழிக்கவில்லை.

குறை ஒன்றுதான். வண்டி சின்னது.

நூற்று அறுபது சிசி. இத்தனை வருஷமாக அவனை அம்பத்தூர் எஸ்டேட்டுக்குச் சுமந்துபோன பழைய நூறு சிசியோடு பார்த்தால் பெரியதுதான். ஆனால் சபை ஜெபித்தது இதற்கு அல்ல.

ஆன்டோ முன்னூற்றைம்பது சிசி வாங்க வேண்டுமென்று இரண்டு மாதமாக வெள்ளிதோறும் உபவாச ஜெபத்தில் அத்தனை பேரும் முழங்காலில் நின்றிருக்கிறார்கள். கறுப்பு என்று நிறத்தைக்கூடச் சொல்லித்தான் கேட்டார்கள். கேட்கச் சொன்னவன் அவன்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஆள்.

கேட்டதெல்லாம் கிடைக்கவும் செய்தது. லோன் கிடைத்தது, கறுப்பு வண்டியும் ஷோரூமில் தயாராக நின்றது. ஆண்டவர் பக்கம் ஒரு குறையும் இல்லை. எட்டாதது ஆன்டோவின் கால்தான்.

வியாழக்கிழமை வேலப்பன்சாவடியில் அதை ஓட்டிப் பார்த்தான். ஓடும்போது ராஜா மாதிரி இருந்தது. சர்வீஸ் ரோட்டில் திருப்பும்போது எதிரே ஒரு ஷேர் ஆட்டோ வர, பிரேக் பிடித்து இடது காலை ஊன்றினான். பெருவிரல்தான் தரையைத் தொட்டது. அதுவும் மணலில்.

வண்டி அவசரமே இல்லாமல் சாய்ந்தது. சாய்வதைப் பார்க்க அவனுக்கு நேரம் இருந்தது, பிடிக்கத்தான் தெம்பில்லை.

கீழே கிடந்ததை அவனால் தூக்கவும் முடியவில்லை. ஷோரூமில் வேலை செய்யும் ரோஷினி, ஒல்லியான பெண், ஓடி வந்து ஆட்டோக்காரரோடு சேர்ந்து நிமிர்த்தினாள். அவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்காமல், உங்க உயரத்துக்கு இது வேணாம் சார் என்று பதமாகச் சொல்லி, இந்தச் சின்ன வண்டியில் உட்காரவைத்தாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. அப்போது வந்த நிம்மதியை நினைத்துத்தான் அவனுக்கு அதிக வெட்கமாக இருந்தது.

அன்று மாலை, கன்றிப்போன காலுக்கு மனைவி ஸ்டெஃபி தைலம் தேய்த்துவிட்டாள். கம்பெனியில் டிராலி இடித்துவிட்டது என்றான். ஏன் சின்ன வண்டி என்று கேட்டதற்கு, மைலேஜ் என்றான்.

இப்போது ஞானகுமாரி அக்கா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். வெள்ளிக்கிழமைகளில் எல்லோரையும்விடச் சத்தமாக ஜெபித்தவர். நாம கேட்ட பெரிய வண்டி எங்கே என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டார்.

மைலேஜ் என்று சொல்லியிருக்கலாம். அவன் வாய் வேறு எதையோ சொன்னது. ஸ்டெஃபிக்குப் பயம், பெரிய வண்டி வேண்டவே வேண்டாம் என்று ஒரே அழுகை, அதனால்தான் என்றது.

ஸ்டெஃபி பக்கத்தில்தான் நின்றாள். பெரிய வண்டியில் பின்னால் உட்காரவென்று போன மாதமே ஆசையாக வாங்கிய கறுப்பு ஹெல்மெட் அவள் கையில் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து அவன் காலைப் பார்த்தாள்.

"ஆமாக்கா, எனக்குத்தான் பயமா கீது," என்றாள், சிரித்துக்கொண்டே.

பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்டாட்டிக்கு விசுவாசம் இல்லையென்றால் சபை ஜெபித்து என்ன பிரயோஜனம் என்றுகூட ஒருத்தி கேட்டாள். ஸ்டெஃபி எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டு நின்றாள். ஆன்டோவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து பாஸ்டர் வேதமுத்து வந்தார்.

அவர் முன்னால் நிற்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. சபையின் வெள்ளிவிழாவுக்கு அதே மாதிரிப் பெரிய வண்டி ஒன்றை அவருக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். இந்தத் தெருக்களில் நடந்துபோகும்படி கர்த்தர் எனக்குச் சொல்லியிருக்கிறார் என்று அவர் பிரசங்கத்தில் அறிவித்தபோது பலர் அழுதார்கள். ஆன்டோவும் அழுதான். வண்டி, சபையை ஒட்டியிருக்கும் அவர் வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. சபையாரை வீடு வீடாகச் சந்திக்கப் பாரிவாக்கம் வரை வெயிலில் நடந்தே போவார்.

அப்பேர்ப்பட்டவர் காதிலும் அந்தப் பொய் விழுந்திருக்கும்.

பாஸ்டர் டேங்கின் மேல் கை வைத்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். மழைக்காலத்துச் சாலைக்காகவும் பைபாஸ் லாரிகளுக்காகவும் ஜெபித்தார். பிறகு, கொஞ்ச நேரம் அவரவர் மனதுக்குள் ஜெபிப்போம் என்றார். வாசல் அமைதியானது.

காதருகே மூச்சு படவும் ஆன்டோ கண்ணைத் திறந்தான். பாஸ்டரின் கண்களும் திறந்துதான் இருந்தன. சீட்டையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ரெண்டு காலும் எட்டுதா தம்பி?"

ஆன்டோ தலையை ஆட்டினான்.

பாஸ்டரின் பார்வை தார்ப்பாய் பக்கம் போய்விட்டு, ஹெல்மெட்டை அணைத்தபடி கண்மூடி நின்ற ஸ்டெஃபியிடம் வந்தது.

"நீ அந்தப் பொண்ணு மேல பழியப் போட்ட. நான் கர்த்தர் மேல போட்டுட்டேன்."

பிறகு குரலை உயர்த்தி ஆமென் என்றார். சபை முழுவதும் ஆமென் என்றது, ஸ்டெஃபியும் சேர்ந்துதான்.