பொது ஃபோல்டர்

‘இவருக்கு மட்டும் கொடுத்தால் என்ன?’ ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் ஷெர்லினின் மனம் ஒரு கணம் இளகியது.

“இன்னாம்மா, பென்டிரைவ் போட்டா தொறக்க மாட்டேங்குது? பாஸ்வேர்டு குடு” என்றார் கோதண்டம்.

“வேணாம்ண்ணே. ஆடிக்கூழுக்கு அம்மன் பாட்டுன்னு நீங்க ஏத்துன வைரஸ்ல ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துச்சே!”

“அது ஆத்தா வச்ச சோதனைம்மா.”

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அந்த வைரஸால் பொது ஃபோல்டரில் அழிந்துபோன எண்ணூர் துறைமுகக் கன்டெய்னர் கணக்குகளை ஒவ்வொன்றாக மீட்டவள் அவள்தான். இன்று அதில் ஒரு ஃபைல்கூடக் கெடவில்லை. அந்த நினைப்பே அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது.

“குடுக்கலன்னா வேலைய வுட்டுத் தூக்கிடுவேன்.”

தூக்கக்கூடியவர்தான். வாசல் பலகையில் ‘கோதண்டம் டிரான்ஸ்போர்ட்’ என்றுதான் எழுதியிருந்தது.

“தூக்குங்கண்ணே. அடுத்து வர்றவங்க கிட்டயும் உங்களுக்குக் குடுக்க வேணாம்னு சொல்லிட்டுத்தான் போவேன்” என்று மெல்லச் சொல்லி, பென்டிரைவைக் கழற்றி முதலாளியின் கையில் வைத்தாள்.