எட்டாவது அம்மா

“அம்மா நேரில் வர வேண்டும். அக்கா வரக் கூடாது, சித்தி வரக் கூடாது, பக்கத்து லயத்து வீட்டுப் பெண் வரவே கூடாது. விளங்குகிறதா டீச்சர்?”

நிகழ்ச்சி அதிகாரி பொன்னுத்துரை கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தார். கிருஷாந்தி டீச்சர் தலையாட்டினாள்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் அவள் நடத்தும் மாலை வகுப்பின் கதி இன்று அவர் கையில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பதினைந்து பிள்ளைகளுக்குக் கணக்கு, இங்கிலீஷ், நாலு டேப்லெட், தின்ன ஆளுக்கொரு பணிஸ். பெற்றோர் கூட்டத்துக்குப் பத்து அம்மாக்களாவது வராவிட்டால் அடுத்த மாதம் எல்லாவற்றுக்கும் பூட்டு என்று வகுப்புக்குப் பணம் தரும் கண்டி அலுவலகம் கடிதம் போட்டிருந்தது.

கூட்டத்தை யாரோ ஒரு மகா புத்திசாலி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வைத்திருந்தார். அந்த நேரத்தில் அம்மாக்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். பாதியில் இறங்கி வந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். ஒருத்தியும் வரவில்லை.

வந்தவள் கொழுந்து பறிக்கும் வேலாயி மட்டும்தான். கால் சுளுக்கி லீவில் இருந்தாள். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

“அதுனால என்ன டீச்சர்? நான் அம்மாவா வாரேன். எல்லாருக்கும்!” என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

அதிகாரி எளிமையான மனிதராகத் தெரிந்தார். ஆபீஸ் வேனைத் தானே ஓட்டி வந்து, தானே சக்கரத்துக்குக் கல் வைத்தார். பிள்ளைகள் “வணக்கம், பொன்னுத்துரை சார்!” என்று கத்தியபோது, பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். என்ன தன்னடக்கம் என்று கிருஷாந்தி வியந்தாள்.

முதல் அம்மா பச்சை ஸ்வெட்டரில் வந்து கதிரையில் உட்கார்ந்தாள்.

“பிள்ளையின் பெயர்?”

“நிலூஷாங்க.”

“பிள்ளை வீட்டில் படிக்கிறாளா?”

“எங்கங்க படிக்க? இருக்கிறது ஒரே ஒரு காம்பரா. அதுக்குள்ள நாங்க அஞ்சு பேரு, ஒரு டிவி, ரெண்டு கோழி. இவ புத்தகத்த விரிக்கணும்னா கோழிய வெளிய அனுப்பணும்.”

அதிகாரி கோழி உட்பட எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

நிலூஷா பின்வாசலில் துணி மூட்டையோடு நின்றாள். வேலாயி அங்கே போன வேகத்தில் ஸ்வெட்டர் கழன்றது, முக்காடு ஏறியது. இரண்டாவது அம்மா தயார். மூன்றாவது அம்மா மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள், சிங்களத்தில் கையெழுத்து வைத்தாள். நாலாவது அம்மா மண்டபத்துக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஆறாவது அம்மாவுக்குத் தாய்மை தலைக்கேறிவிட்டது. “இவன் சொன்ன பேச்சே கேக்கிறதில்ல சார்!” என்று சதீஸின் காதைப் பிடித்துத் திருகினாள். சதீஸ் நிஜமாகவே அழுதான். அப்போதும் காரியத்தில் கண்ணாக “அம்மா, வுடும்மா!” என்றுதான் கத்தினான்.

“நல்ல தாய்,” என்றார் அதிகாரி.

எட்டாவது அம்மா சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தாள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“டீச்சர், ஒரு சந்தேகம். இந்தத் தோட்டத்தில் எல்லா அம்மாவும் வலது காலையே நொண்டுகிறார்களே, ஏன்?”

பின்வாசலில் நிலூஷா துணி மூட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

“மலை சார்,” என்றாள் கிருஷாந்தி. “ஏறி, எறங்கி...”

“எட்டுப் பேருமா?”

வேலாயி மெதுவாகத் துண்டை அவிழ்த்தாள்.

“டீச்சரத் திட்டாதீங்க சார். நான்தான் செஞ்சேன். அந்தப் பொம்பளைங்க வந்தா அரைநாள் சம்பளம் போயிரும். வரலன்னா புள்ளைங்க படிப்புப் போயிரும். அவளுங்க என்னதான் செய்வாளுங்க?”

கிருஷாந்திக்கு அழுகை முட்டியது. கோபமும் முட்டியது. கோபம்தான் முந்திக்கொண்டது.

“ஆமா சார், பொய்தான். ஆனா நிலூஷா போன வருஷம் கணக்குல பதினொன்னு, இந்த வருஷம் எழுபத்தெட்டு. அது பொய்யில்ல. வகுப்ப மூடிட்டா இதுங்க திரும்பவும் அந்தக் கோழியோடதான் போய் உக்காரணும். உங்க ஆபீஸ்ல இருக்கிறவங்க ஒரு நாள் இந்த மலையேறி வந்து பாத்திருந்தா, மூணு மணிக்குக் கூட்டம் வச்சிருப்பாங்களா?”

அதிகாரி எழுந்தார். வாசலுக்குப் போய் வேனைப் பார்த்தார், கீழே வளைந்து போகும் ரோட்டைப் பார்த்தார். திரும்பி வந்து கதவைச் சாத்தினார். முடிந்தது கதை என்று கிருஷாந்தி நினைத்தாள்.

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதோடு அவருடைய புத்தகத் தமிழும் பைக்குள் போய்விட்டது.

“இன்னும் ரெண்டு அம்மா வேணும், வெரசா வாங்க அக்கா. இந்தத் தடவ எடது கால நொண்டுங்க,” என்றார். “பொன்னுத்துரை ஐயாவுக்கு மலை ரோட்டுல வந்தா வாந்தி வருமாம். அவரு டவுன்ல ரோல்ஸ் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு, நான் அவரு டிரைவர் மூக்கையா.”