ரெடிங்க ஐயா

ஒரு சர்வருக்குள் பஸ் டிக்கெட் விற்கும் கன்டெய்னர் ஒன்று, அதாவது தனிப் பெட்டிக்குள் ஓடும் குட்டி புரோகிராம், இருந்தது. கன்டெய்னர்களையெல்லாம் மேய்க்கும் மேஸ்திரி புரோகிராம் அடிக்கடி வந்து, "ரெடியா?" என்று கேட்கும்.

"ரெடிங்க ஐயா!"

ஆனால், பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் சாத்திய கதவைப் பார்த்துத் திரும்பினார்கள். கன்டெய்னர்தான் ரெடியாயிற்றே என்று மேஸ்திரி வயரைச் சோதித்தது, வாசலில் நிற்கும் காவல் புரோகிராமைத் திட்டியது. கடைசியில் கதவிடுக்கு வழியே எட்டிப் பார்த்தது. உள்ளே கன்டெய்னர் இன்னும் சாமான்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தது.

"ஏண்டா பொய் சொன்னே? கொஞ்ச நேரம் ஆகும்னு சொன்னா காத்திருக்க மாட்டேனா?"

"எனக்கு முன்னாடி இங்க இருந்த அண்ணன் கொஞ்ச நேரம் ஆகும்னுதான் சொன்னாருங்க ஐயா. உடனே அவரைக் கலைச்சுட்டு என்னை வெச்சீங்க."

மேஸ்திரி மறுபடியும் வயரைச் சோதிக்கப் போய்விட்டது.